கோட்டக்காவும் நீலப் பேனாவும்

கோட்டக்கா பேனாவின் மூடியைக் கழற்றினாள். காதோரம் கொண்டுபோய் மறுபடி மூடினாள். ‘டக்’ என்று வரவேண்டும். இது ‘சொத்’தென்று வந்தது.

“இது வேணாங்க. அடுத்தது குடுங்க.”

கடைக்காரர் அடுத்த பேனாவை நீட்டினார். நோட்டுப் புத்தகமும் பசையும் விற்கிற சின்னக் கடை. பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். அதற்கெல்லாம் கோட்டக்கா அசருகிற ஆளா? கைப்பையைத் திறந்து, பாலித்தீனில் சுற்றிய ஒரு தகட்டுத் துண்டை எடுத்துக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். சீப்பும் சாவிக்கொத்தும் இருக்க வேண்டிய பையில் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு தகடு! அதன் மேல் ஒரு கோடு இழுத்தாள். மை காய்கிற நேரத்துக்கு மூச்சை உள்ளே இழுத்து மெதுவாக வெளியே விட்டாள். பிறகு கட்டைவிரலால் கோட்டை அழுத்தித் தேய்த்தாள். பாதிக் கோடு விரலோடு வந்துவிட்டது.

“காகிதத்துல எழுதிப் பாருங்கக்கா, வழவழன்னு எழுதும்” என்றார் கடைக்காரர்.

“காகிதத்துல எழுத எனக்கு எதுக்குங்க? நான் என்ன காதல் கடிதமா எழுதப் போறேன்?”

காத்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். கடைக்காரர் வழக்கம்போல் தலையில் அடித்துக்கொண்டார். கோட்டக்கா வந்தால் பேனா டப்பாவையே கவிழ்த்துவிட வேண்டியதுதான் என்று அவருக்குத் தெரியும். திட்டிக்கொண்டேதான் கவிழ்ப்பார். ஆனால் புதுச் சரக்கு வந்தால் முதலில் அவளுக்குத்தான் போன் போகும்.

அவள் வேலை பார்க்கும் இடம் ஒரு தகட்டுப் பட்டறை. உணவகத்து அடுப்புக்கு மேலே தொங்குகிற புகைக்கூண்டு, பெரிய கட்டடங்களுக்குள் காற்று ஓடுகிற சதுரக் குழாய், அலுவலக அலமாரி எல்லாம் அங்கேதான் பிறக்கின்றன. எந்தத் தகடாக இருந்தாலும் முதலில் இவள் மேஜைக்கு வர வேண்டும். எங்கே வெட்டுவது, எங்கே மடிப்பது, எங்கே துளை போடுவது என்று வரைபடத்தைப் பார்த்துத் தகட்டில் கோடு போட்டுக் கொடுப்பாள். கோடு போடுகிற அக்கா என்பது தேய்ந்து தேய்ந்து கோட்டக்கா ஆகிவிட்டது. வீட்டில் புருஷனே எப்போதாவது வேடிக்கைக்கு அப்படிக் கூப்பிட்டு முறைப்பு வாங்கிக்கொள்வார்.

“ஊசியால ஒரு கீறு கீறினாப் போதாதா, எதுக்குப் பேனா?” என்று பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்பதுண்டு. கேட்டவர் கதி அவ்வளவுதான்.

“வெட்டுற இடத்துல தாராளமா கீறு, யாரு வேணாம்னா? மடிக்கிற இடத்துல கீறிப் பாரு! மேல பூசின பூச்சு போச்சு. அங்கேருந்து துரு பிடிக்கும். ஒரு மழைக்குத் தாங்காது. மூலையெல்லாம் வாயைப் பொளந்துக்கும். அப்ப நீ வந்து ஒட்டுவியா?”

ரூலரின் அடியில் இரண்டு வரி டேப்பு ஒட்டி வைத்திருப்பாள். ஒட்டாவிட்டால் மை ரூலருக்கும் தகட்டுக்கும் நடுவே ஓடிப்போய், கோட்டுக்கு மீசை முளைத்துவிடுமாம். பேனாக்களை நிற்க வைக்க விடமாட்டாள். தட்டில் படுத்துத்தான் கிடக்க வேண்டும். “நிக்க வெச்சா மையெல்லாம் ஒரு பக்கம் இறங்கிடும். அவசரத்துக்கு எடுத்தா மூக்கு காஞ்சு கிடக்கும்.” ஒவ்வொரு முறை மூடும்போதும் அந்தக் காதோரச் சடங்கு உண்டு. பட்டறையில் மெஷின் போடுகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலே கேட்காது, இதில் மூடிச் சத்தம் எப்படிக் கேட்கும்? கேட்டால், “காதுல யாரு கேட்டா? கன்னத்து எலும்புல தெரியும்” என்பாள். கன்னத்தில் எப்போதும் ஒரு சின்ன மைப்பொட்டு இருப்பதற்கு அதுதான் காரணம்.

நல்ல பேனா என்றால் என்ன என்று கேட்டால் மட்டும் அவள் முகம் மலர்ந்துவிடும். “விருந்தாளி மாதிரி இருக்கணுங்க. இருன்னா இருக்கணும். எண்ணெய் பட்டாலும், கிளவுஸ் உரசினாலும் அசையக் கூடாது. வேலை முடிஞ்சு தின்னரைத் தொட்டுத் துடைச்சா, சொல்லாமக் கொள்ளாமக் கிளம்பிடணும். சிலது இருக்கு பாருங்க, எவர்சில்வர் தகட்டுல போட்டா ஜென்மத்துக்கும் போகாது. வாடிக்கைக்காரன் வந்து பார்த்தா நம்ம கோடு அவனைப் பார்த்துப் பல்லிளிக்கும்.”

வெட்டுக்குச் சிவப்பு, மடிப்புக்குப் பச்சை. இது அவளே போட்ட சட்டம். அதற்கு முன் எல்லாம் ஒரே கறுப்புக் கோடுதான். எது வெட்டு, எது மடிப்பு என்று தினமும் சண்டை. சட்டம் வந்த பிறகு சண்டை ஓய்ந்தது. முதலாளிக்கு அதில் அவளைவிடப் பெருமை. பட்டறையைப் பார்க்க யார் வந்தாலும் இவள் மேஜைக்குக் கூட்டி வந்து, “பாத்தீங்களா, சிக்னல் மாதிரி!” என்று காட்டுவார்.

அவள் கண்ணும் லேசுப்பட்ட கண் இல்லை. பெயிண்ட் அறையிலிருந்து இரண்டு தகட்டைத் தூக்கிக்கொண்டு பெயிண்டர் ஓடிவருவார். நேற்று அடித்ததும் இன்று அடித்ததும் ஒரே சாம்பல் நிறமா என்று சொல்ல வேண்டும். இவள் கோடு போடுவதை நிறுத்தாமலே ஒரு பார்வை பார்ப்பாள். “வலது பக்கத்துல நீலம் ஒரு சொட்டு தூக்கலா இருக்கு.” அத்தனைதான். முதலாளி அதற்குப் பிறகு வாயைத் திறக்கமாட்டார். அந்த ஒரு பார்வைக்காகத்தான் அவள் பட்டறைக்கு வருகிறாளோ என்று தோன்றும். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளை தோற்றுப்போகும்.

சரி, நீலத்துக்கு வருவோம். நீலப் பேனாவுக்கும் இவளுக்கும் ஏழாம் பொருத்தம். என்றோ ஒரு நாள் நீலப் பேனா ஒன்று எண்ணெய்த் தகட்டில் பாதி வழியில் மறைந்துபோய், ஒரு புகைக்கூண்டின் முன்பக்கம் கோணலாகிவிட்டது. அன்றைக்கு முதலாளி கையிலேயே அந்தப் பேனாவைத் திருப்பிக் கொடுத்து, பட்டறையே கேட்கும்படி சொன்னாள்: “நீலம் இந்த மேஜைக்கு வந்தா நான் வரமாட்டேன். நான் வந்தா நீலம் வராது!” முதலாளி ஒரு பேனாப் பெட்டி பரிசாகக் கொடுத்தபோதுகூட நீலத்தை மட்டும் பொறுக்கி, பட்டறைக்குப் பின்னால் துணி காயப்போடும் கயிறு நழுவாமலிருக்க ஆணி இடுக்கில் செருகிவிட்டாள். பட்டறையில் யாருக்காவது அவளைச் சீண்டத் தோன்றினால், “அக்கா, ஒரு நீலப் பேனா இருக்குமா?” என்று கேட்டுவிட்டு ஓடிவிடுவார்கள்.

இப்படி வீறாப்பாக இருந்தவள் வாழ்க்கையில் கொழுந்தன் வந்து சேர்ந்தான்.

வீட்டில் கொழுந்தன் எப்போதும் இருப்பவன்தான். பட்டறைக்கு வந்தது சில மாதங்களுக்கு முன்னால். அவன் வேலை பார்த்த மின்பெட்டிக் கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று வந்து நின்றான். இரண்டு பிள்ளைகள். நல்ல உழைப்பாளி, கை சுத்தம், பேச்சு மட்டும் குறைவு. “என் பொறுப்புங்க” என்று கோட்டக்காதான் முதலாளியிடம் பேசி வெட்டு மெஷினில் சேர்த்துவிட்டாள். இவள் கோடு போடுவாள், அவன் வெட்டுவான். மடிக்கிறவர்கள் தனி. எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஒரு நாள் புது மாதிரிப் புகைக்கூண்டு ஒன்று வந்தது. ஐந்தாறு மூலை, கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக. கொழுந்தன் வெட்டினான். வெட்டி முடித்ததும் மடிக்கிறவர் வந்து பார்த்துவிட்டு, “அடக் கடவுளே!” என்றார். சிவப்பை விட்டுவிட்டு நட்டநடுவில் பச்சையில் வெட்டியிருந்தான். பெரிய எவர்சில்வர் தகடு. இரண்டு துண்டாகக் கிடந்தது.

“கவனிக்கலை அண்ணி” என்றான் கொழுந்தன். கண்ணைத் தூக்கவில்லை.

முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. இவளைத் தனியாகக் கூப்பிட்டு, “உன் முகத்துக்காக இந்தத் தடவை விடறேம்மா. இன்னொரு தகடு இப்படிப் போச்சுன்னா, உன் கொழுந்தனை நீ வீட்டுலயே வெச்சுக்கோ” என்றார். 

வேறொருத்தியாக இருந்தால் கொழுந்தனைத்தான் பிடித்து உலுக்கியிருப்பாள். கோட்டக்கா சந்தேகப்பட்டது பேனாவை! பச்சை காய்ந்த பிறகு மங்கியிருக்கும், எண்ணெயில் கறுத்திருக்கும், பாவம் அவன் என்ன செய்வான் என்று முடிவுகட்டிவிட்டாள். அதன் பிறகு கடைக்காரருக்கு ஏழரைதான். இளம்பச்சை, அடர்பச்சை, பெயிண்ட் பேனா, பட்டை முனை, கூர் முனை என்று ஒன்றுவிடாமல் வாங்கி வந்து துண்டுத் தகட்டில் போட்டுக் கொழுந்தனிடம் காட்டினாள்.

“இது எப்படி இருக்கு தம்பி?”

“நல்லா இருக்கு அண்ணி.”

“இது?”

“இதுவும் நல்லாத்தான் இருக்கு அண்ணி.”

எதைக் காட்டினாலும் நல்லாயிருக்கு என்றால் அவளுக்கு எப்படி மனம் ஆறும்? ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு சிவப்புப் பேனாக்களில் எது தேவலை என்று பார்க்கப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கோடு இழுத்துவைத்திருந்தாள். கொழுந்தன் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு வந்தவன் அதைப் பார்த்தான். அண்ணி கேட்பதற்கு முன்னால் தானே சொல்லிவிடலாம் என்று அவனுக்கு என்ன தோன்றியதோ, விரலை வைத்துக் காட்டினான்.

“இந்தப் பச்சை தேவலை அண்ணி. பளிச்சுன்னு இருக்கு.”

இரண்டும் சிவப்பு. கோட்டக்கா கோட்டைப் பார்த்தாள், அவன் விரலைப் பார்த்தாள், மறுபடி கோட்டைப் பார்த்தாள். கேலி செய்கிறானோ என்று ஒரு கணம் தோன்றியது. அவன் கேலி செய்கிற ரகம் இல்லை. அப்போதுதான் அவளுக்குத் தக்காளி நினைவுக்கு வந்தது. இவன் கடைக்குப் போனால் ஒவ்வொரு தக்காளியையும் அமுக்கி அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவான். வீட்டில் எல்லோரும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். கடைக்காரி ஒருத்தி விரட்டியேவிட்டாள். இத்தனை வருஷமாகத் தானும் சேர்ந்துதானே சிரித்தோம் என்று நினைத்துத் தன் டிபன் பாக்ஸைத் தள்ளிவைத்தாள்.

“தம்பி, உனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணாத் தெரியுதா?”

அவன் டிபன் பாக்ஸ் மூடியைத் திருகிக்கொண்டே நின்றான். “பொறந்ததுலேருந்து அப்படித்தான் அண்ணி. அண்ணனுக்கே தெரியாது. எப்பவும் வர்ற மாதிரின்னா உருவத்தை வெச்சு இதுதான் வெட்டு, இதுதான் மடிப்புன்னு கண்டுபிடிச்சிடுவேன். அன்னிக்கு வந்தது புதுசு.”

“சொல்லியிருக்கலாமேடா.”

“மின்பெட்டிக் கம்பெனியை மூடலை அண்ணி. ஒயர் கலர் தெரியலைன்னுதான் என்னை அனுப்பினாங்க. அனுப்பறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஒயரா எடுத்துக் காட்டி, இது என்ன கலரு, இது என்ன கலருன்னு கேட்டு எல்லாரும் சிரிச்சாங்க.” மூடியை இறுக்கித் திருகினான். “இங்கேயும் அது வேணாம் அண்ணி. யாருக்கும் சொல்லாதீங்க.”

பச்சைக் கோட்டை விட்டு விட்டுப் போட்டால் என்ன என்று யோசித்தாள். சரிப்படாது. தகட்டைத் தூக்கி வைத்து இறக்குவதற்குள் கையுறை உரசி முழுக்கோடே அங்கங்கே அழிந்துபோகும். எது அழிந்த கோடு, எது விட்டுப் போட்ட கோடு என்று யாருக்குத் தெரியும்? வேறு நிறம்தான் வழி. மஞ்சளோ, வெள்ளி நிறத் தகட்டில் தெரியாது. கறுப்பில் அளவும் எண்ணும் எழுதுகிறாள். ஆரஞ்சைக் காட்டினாள், பழுப்பைக் காட்டினாள். “ஒரே மாதிரிதான் அண்ணி” என்றான். எல்லா நிறமும் ஒவ்வொன்றாகக் கழிந்துகொண்டே வர, மிச்சம் என்ன இருக்கிறது என்பது அவளுக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. தெரிந்தும், கடைசி வரைக்கும் அதை எடுக்கவில்லை. பிறகு பின்னால் போய், துணிக் கயிற்றின் ஆணி இடுக்கில் செருகியிருந்ததைப் பிடுங்கி வந்து, சிவப்புக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டாள். மை காய்ந்துபோய் இழுத்து இழுத்துத்தான் வந்தது.

“அண்ணி! இது வேற!” என்றான் கொழுந்தன். அவன் சத்தம் போட்டு அவள் கேட்டதே இல்லை. “இது தனியாத் தெரியுது அண்ணி. எவ்வளவு தூரத்துலேருந்து பாத்தாலும் இது வேற!”

போயும் போயும் நீலமா! உலகத்தில் வேறு நிறமே கிடைக்கவில்லையா அவன் கண்ணுக்கு?

மறுநாள் கடைக்குப் போய், சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, “நீலத்துல என்ன இருக்கு?” என்று கேட்டாள். கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

“எனக்குச் சரியா கேக்கலைக்கா.”

“கேட்டுச்சு. எடுங்க.”

அவர் விடுவாரா? உள்ளே இருந்த மனைவியைக் கூப்பிட்டு, “இங்க வந்து பாரேன், யாரு என்ன கேக்கறாங்கன்னு!” என்றார்.  கோட்டக்கா தகட்டுத் துண்டை வைத்து ஒவ்வொன்றாகக் கோடு போட்டுத் தேய்த்தாள். ஒன்று எண்ணெயில் வழுக்கியது, ஒன்று முனை நசுங்கியது, ஒன்று நன்றாக நின்றது, ஆனால் தின்னருக்கும் அசையவில்லை. அலமாரியின் அடித்தட்டிலிருந்து தூசியோடு வந்த ஒரு பெயிண்ட் பேனாதான் கடைசியில் தேறியது. குலுக்கினால் உள்ளே ஒரு குண்டு கடகடக்கும். மெல்லிய முனை. தேய்த்தால் விரல் சுத்தமாக வந்தது. மூடினாள், ‘டக்’. பாழாய்ப்போன பேனா, நல்ல பேனாவாக வேறு இருந்து தொலைத்தது!

முதல் நீலக் கோடு தகட்டில் விழுந்த அன்றைக்கே பட்டறையில் கூட்டம் கூடிவிட்டது. மடிக்கிறவர் அதைத் தொட்டுப் பார்த்தார். சிரிப்புச் சத்தம் கேட்டு முதலாளியும் வந்துவிட்டார்.

“என்னம்மா இது அதிசயம்? நீலம் வந்தா நான் வரமாட்டேன்னியே?”

“இது புதுப் பேனாங்க. நல்லா நிக்குது.”

“நிக்கட்டும். பச்சைக்கு என்ன வந்தது? வர்றவன் போறவன்கிட்டல்லாம் சிவப்பு, பச்சைன்னு பெருமை அடிச்சுட்டு இருக்கேன். பச்சையே போடு.” திரும்பியவர் நின்றார். பார்வை வெட்டு மெஷின் பக்கம் போனது. அன்றைக்குப் பச்சையில் வெட்டின தகடு ஞாபகம் வந்திருக்க வேண்டும். “ஏன், இங்க யாருக்காவது பச்சை தெரியலையா?”

கொழுந்தன் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தான். ஒரு விரல் உள்ளே போகாமல் அப்படியே நின்றுவிட்டது.  இன்னொரு நொடி போனால் அவன் முகமே எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

“எனக்குத்தாங்க” என்றாள் கோட்டக்கா.

“என்னது?”

“எனக்குத்தான். கொஞ்ச நாளா சிவப்பும் பச்சையும் குழம்புது. அன்னிக்கு அந்தத் தகட்டுலயும் நான்தான் மாத்திப் போட்டிருப்பேன்னு நினைக்கிறேன். தம்பி மேல தப்பு இருக்காது.”

“யாருகிட்ட கதை விடறே? உன் கண்ணு எனக்குத் தெரியாதா?” முதலாளி சிரித்தார். பேனாத் தட்டை எடுத்து அவள் முன்னால் நீட்டினார். “எங்க, பச்சையை எடு பாப்போம்.”

தட்டில் பேனாக்கள் படுத்துக் கிடந்தன. கண்ணைக் கட்டிவிட்டாலும் அவளுக்குத் தெரியும், எது எங்கே என்று. கை பச்சைக்கு மேலேதான் முதலில் போனது, பழக்கம். அங்கே ஒரு கணம் நின்றது. பிறகு நகர்ந்து, பக்கத்தில் கிடந்ததை எடுத்து முதலாளியின் கையில் வைத்தது.

“இந்தாங்க, பச்சை.”

 மடிக்கிறவர் வாயைப் பொத்திக்கொண்டார். அவள் கொடுத்தது சிவப்பு என்று அந்தப் பட்டறையில் தெரியாத ஒரே ஆள் கொழுந்தன்தான். அண்ணி எடுத்தது சரியா தப்பா என்று பேனாவைப் பார்த்து அவனால் சொல்ல முடியாது. ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான். முதலாளியின் முகத்துக்கு வந்தபோது புரிந்துவிட்டது. கையுறையை உருவிக் கையில் சுருட்டிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டான்.

“அடப் பாவமே” என்றார் முதலாளி. குரலே மாறிவிட்டது. “டாக்டர்கிட்ட காட்டும்மா. நீலமே போட்டுக்கோ, அதனால ஒண்ணுமில்லை.” பேனாவைத் தட்டில் வைத்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, “பெயிண்ட் ஷேடெல்லாம் இனிமே நானே பாத்துக்கறேன்” என்றார்.

கூட்டம் கலைந்தது. மெஷின்கள் மறுபடி இரைய ஆரம்பித்தன. இது எதுவும் தெரியாமல் பெயிண்ட் அறையிலிருந்து பெயிண்டர் வழக்கம்போல இரண்டு கையிலும் இரண்டு தகட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“அக்கா, ரெண்டும் ஒண்ணுதானே? நேரமாச்சு, லாரி நிக்குது.”

ஒரே ஒரு பார்வை போதும் அவளுக்கு. இடது கையில் இருந்ததில் கறுப்பு ஒரு சொட்டு கூடுதல். வாய் திறந்துவிட்டது. பல்லைக் கடித்து மூடிக்கொண்டாள்.

“முதலாளிகிட்ட காட்டுப்பா” என்று சொல்லிவிட்டு, நீலப் பேனாவைக் குலுக்கி அடுத்த தகட்டின் மேல் குனிந்தாள்.